மண்ணைக் கற்பித்தலும் அறமும்

சிறுவர்க்குக் கல்லையும் மண்ணையும் பற்றிக் கற்பிப்பதில் அறப்பிரச்சினை எதுவும் எழ இடமில்லை என்பது பொதுவாக நிலவும் எண்ணமாகும். சரித்திரம் கற்பிப்பவன் பக்கஞ் சாரலாம். இலக்கியம் கற்பிப்பவன் தன் விருப்பு வெறுப்புக்களைப் புகுத்தலாம். கருங்கல்லைப் பற்றிக் கூறுபவனுக்கு அந்த வசதி ஏது என்பர். தமிழாசிரியராகிய நாம் இவ்விடயத்திற் புகுவது சிலருக்கு வேடிக்கையாகவுந் தோன்றலாம். ஆயினும், நிலத்தைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல் என வகுத்து, அந்நிலத்து மாந்தரின் தொழிலையும் ஒழுக்கத்தையும் அதனோடு சேர்த்தே பேசிய மரபிற் பயின்ற எமக்கு, மண்ணை மாத்திரம் தனியே பிரித்தெடுத்துப் பேசுவதுதான் விசித்திரமாகப் படுகின்றது.

மலையகத்துப் பாடசாலை ஒன்றில் இப்பாடம் நடைபெறுவதாகக் கொள்வோம். பாறைகள் மூவகை: தீப்பாறை, அடையற்பாறை, உருமாறிய பாறை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிற் கிடப்பது கடலிற் படிந்த சுண்ணாம்புக்கல். மலைநாட்டிலுள்ளவையோ, ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவை. அப்பாறையிலுள்ள பெல்சுபார் என்னும் கனிப்பொருள் மழைநீராற் சிதைந்து களியாகின்றது. படிகக்கல் எளிதிற் சிதையாது மணலாய் எஞ்சுகின்றது. இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து மண்ணுக்குச் செந்நிறத்தைத் தருகின்றது. ஒரு பிடி மண்ணைக் கண்ணாடிப் போத்தலில் இட்டு, நீர் வார்த்துக் குலுக்கி வைத்தால், மணல் உடனே அடியில் தங்கும். களியோ மறுநாள் வரையிலும் நீரைக் கலக்கிக்கொண்டிருக்கும். இதற்கு ஆய்வுகூடம் வேண்டியதில்லை. இதனைச் செய்யாது பெயர்களை மனனஞ் செய்விக்கும் ஆசிரியரைப் பற்றி நாம் இங்கு எதுவும் கூறப்போவதில்லை.

சிக்கல் இதற்கப்பால் தொடங்குகின்றது. போத்தலில் நாம் கண்ட அதே களிதான் அப்பிள்ளையின் லயத்துக்கு மேலேயுள்ள சரிவிலும் இருக்கின்றது. இடைவிடாது பெய்யும் மழை மண்ணின் நுண்டுளைகளை நிரப்புகின்றது. மண்ணின் பாரம் கூடுகின்றது. துளைகளில் நீரின் அமுக்கம் ஏற, மண்ணை மண்ணோடும் பாறையோடும் பிணைத்து வைத்திருந்த உராய்வு குன்றுகின்றது. சரிவைப் பற்றிப்பிடித்திருந்த காட்டைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிக்காக வெட்டினார்கள். 1869இல் தோன்றிய இலைநோய் கோப்பியை அழித்தபின் அங்கே தேயிலையை நட்டார்கள். லயங்கள் எழுந்த இடங்களைத் தெரிவு செய்தவர்கள் அவற்றில் வாழப்போகிறவர்கள் அல்லர்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் உயிர் தப்பினர். திரும்பி வந்தபோது வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை. அவ்விடம் ஆபத்தானது என்பது நிபுணர்களுக்குத் தெரியாத செய்தியன்று. பல ஆண்டுகளுக்கு முன்னரே எச்சரிக்கை விடுக்கப்பட்டிருந்தது. மக்கள் எழுந்து செல்லாததே குற்றம் என்று அப்பொழுது கூறியவர்களும் உண்டு. கல்லாதாரைக் களர்நிலத்துக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். களர் தானாகவே களரானதன்று. வடிகாலின்றி நீர் தேங்கி, ஆவியாகி, உப்பை விட்டுச் சென்றதால் ஆனது என்பதை மண்ணியல் படித்தவர்கள் அறிவார்கள். காணி உறுதி இல்லாத ஒருவனை நோக்கி 'ஏன் போகவில்லை?' என்று கேட்பதும் களரைக் கடிந்துகொள்வதைப் போன்றதே.

இனி எமது வினாவுக்கு வருவோம். தப்பிச் செல்ல வழியற்ற பிள்ளைக்கு ஆபத்தை அறிவிப்பது நீதியாகுமா? நண்பர் சிலர், பிஞ்சு உள்ளத்தில் அச்சத்தை விதைக்கலாகாது என்கின்றனர். இவ்வாதத்தின் பின்னாலுள்ள இரக்கத்தை நாம் மதிக்கின்றோம். ஆனால் அச்சம் அங்கே ஏற்கெனவே இருக்கின்றது. அடைமழை பெய்யும் இரவில் தாய் தந்தையர் உறங்காது விழித்திருப்பதை அப்பிள்ளை நாம் கூறித்தான் அறியவேண்டுமா? பெயரற்ற அச்சத்திலும் பார்க்கக் காரணம் விளங்கிய அச்சம் மேலானது. முன்னையது விதியென்று அடங்கிப்போகச் செய்யும், பின்னையது வெடிப்பு விழுந்த நிலத்தையும், சாய்ந்த மரத்தையும், திடீரெனக் கலங்கும் ஊற்றையும் உற்று நோக்கச் செய்யும்.

வேறு சிலர், அறிகுறிகளைச் சொல்லுங்கள், அதற்குமேற் போவது அரசியல் என்கின்றனர். இவர்களோடு எம்மால் உடன்படவே முடியாது. சரிவுக்குக் காரணம் களியும் மழையும் என்று கூறி நிறுத்துவது, காரணங்களிற் பாதியை மறைப்பதாகும். 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளின் கைக்குச் சென்றது. இவ்வளவு கைமாறிய நிலத்தில், லயத்துக்காரன் காலடி நிலம் மட்டும் அவன் பெயருக்கு மாறவில்லை. மண் எவ்வாறு உண்டாயிற்று என்று கேட்கும் பிள்ளைக்கு அது யாருடையதாயிற்று என்று கேட்கவும் உரிமையுண்டு. விடையை நாம் திணிக்க வேண்டியதில்லை. வினாவைத் தடுக்காதிருந்தாற் போதும்.

ஒரு நேரான போத்தலையும் அடிமட்டத்தையும் கொண்டு மழையை அளக்க எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழித்திருக்கவும், 100ஐத் தாண்டினால் ஆயத்தமாகவும், 150ஐத் தாண்டினால் வெளியேறவும் வேண்டும் என்பது மண்சரிவு எச்சரிக்கைகளில் வழங்கும் அளவு. பிள்ளைகள் தாமே அளந்த அளவை வகுப்புச் சுவரில் நாடோறும் எழுதட்டும். 150 என்று எழுதும் நாளில் 'சேர், எங்கே போவது?' என்று அவர்கள் கேட்பார்கள். அக்கேள்வியையும் அதே சுவரில், அளவுக்குப் பக்கத்தில், திகதியிட்டு எழுதிவைக்கலாம்; பெற்றோர் கூட்டத்துக்கு வரும் அதிகாரிகளும் தோட்ட நிருவாகத்தினரும் அதனை வாசிக்கும்படி.