மூன்றில் இரண்டு

கல்பாக்கத்து அணுமின் நிலையத்தில், 1983-ல் முதல் உலை இயங்கத் தொடங்கிய காலத்திலிருந்தே, உலையின் உஷ்ணமோ அழுத்தமோ எல்லை மீறிவிட்டதா என்ற கேள்விக்கு ஒற்றைக் கருவியின் சாட்சியத்தை மட்டும் நம்பி முடிவெடுப்பதில்லை. ஒரே அளவை மூன்று கருவிகள் எடுக்கின்றன, அவற்றில் இரண்டு ஆபத்து என்று சொன்னால் உலை தானாகவே நின்றுவிடும். கருவிப் பிரிவிலேயே என் உத்தியோக காலம் கழிந்தபடியால், இந்த ஏற்பாட்டின் சாரம் மூன்று என்ற எண்ணிக்கையில் இல்லை என்பதை நான் நன்கு அறிவேன். உணர்கருவி வேறு, கம்பி வேறு, மின்சாரம் வரும் வழி வேறு என்று ஒவ்வொன்றும் மற்றதன் தயவில்லாமல் நிற்பதில்தான் அதன் பலம் இருக்கிறது. ஒரே பழுது மூன்றையும் பாதிக்குமானால், மூன்று சாட்சிகள் இருந்தும் ஒருவரே பேசியதாக ஆகும்.

புதுப்பட்டினத்தில் வசிக்கும் என் தமக்கையின் கழுத்தில், தைராய்டுச் சுரப்பியில், ஒரு கட்டி தென்பட்டபோது இந்த விஷயம் எனக்கு வேறு விதமாகப் புரியலாயிற்று. ஊசியால் செல்களை எடுத்துப் பார்த்த ஓர் ஆய்வகம் புற்றுநோய் என்று சந்தேகிக்க இடமுண்டு என்றது. மீண்டும் ஊசி போட்டுப் பார்த்த மற்றோர் ஆய்வகம் அது சாதாரணக் கட்டிதான் என்று எழுதிக் கொடுத்தது. நிலையத்தின் அருகே வாழ்பவர்களுக்குத் தைராய்டு என்ற சொல்லைக் கேட்டாலே ஓர் அச்சம் எழும். அதன்மேல் இந்தக் குழப்பமும் சேர்ந்துகொண்டது. "ரெண்டு பேரும் படிச்சவங்கதானே தம்பி, ஒரே கழுத்தைப் பார்த்துட்டு எப்படி வேற வேற சொல்றாங்க?" என்று அவள் கேட்டாள்.

அந்தக் கேள்விக்கு உரிய மரியாதையை நாம் கொடுப்பதில்லை. யாரோ ஒருவர் பொய் சொல்கிறார் அல்லது யாரோ ஒருவருக்குத் தொழில் தெரியவில்லை என்ற இரண்டில் ஒன்றுக்கு உடனே தாவிவிடுகிறோம். கதிர்வீச்சை எண்ணும் கருவியின் முன்னால் மாறாத ஒரு மூலத்தை வைத்து எண்ணினால், இந்த நிமிஷம் நூறு என்று காட்டுவது அடுத்த நிமிஷம் தொண்ணூறு என்றும், அதற்கடுத்து நூற்றுப்பத்து என்றும் காட்டக்கூடும். கருவியில் குற்றமில்லை, இயற்கையின் நடை அப்படி. ஊசி கட்டியின் எந்த மூலையைத் தொட்டது, எத்தனை செல்கள் கிடைத்தன, பார்த்த கண் எத்தனை ஆயிரம் பார்த்த கண் என்பவற்றைப் பொறுத்துத் தைராய்டுப் பரிசோதனையும் மாறுபடும். இதை அறிந்தே, 2007-ல் அமெரிக்காவின் பெதெஸ்டாவில் கூடிய நிபுணர்கள் இந்தப் பரிசோதனை முடிவுகளை ஆறு வகைகளாகப் பிரித்தபோது, இன்னதென்று நிர்ணயிக்க முடியவில்லை என்பதற்கே மூன்றாவது வகையை ஒதுக்கிவைத்தார்கள். சந்தேகத்துக்கும் ஒரு ஸ்தானம் கொடுத்த அந்த விவேகத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

ஆனால் இரண்டாவது அபிப்பிராயம் கேட்கும் விதத்தில்தான் அதன் பயன் முழுவதும் அடங்கியிருக்கிறது. முதல் வைத்தியரின் முடிவை இரண்டாமவர் கையில் முதலில் கொடுத்துவிட்டு "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்பது, இரண்டு கருவிகளை ஒரே கம்பியில் இணைப்பது போன்றதே. நோயாளியின் வயது, ஸ்கேன், பழைய வியாதிகள் ஆகிய அனைத்தையும் அவர் அறிந்திருக்க வேண்டும்; மற்றவருடைய தீர்ப்பையோ, செல்களைத் தம் கண்ணால் பார்த்து முடித்த பிறகு அவர் அறிந்தால் போதும். மனத்துக்கு இதமான பதில் கிடைக்கும்வரை வைத்தியர்களை மாற்றிக்கொண்டே போவதோ, அபிப்பிராயம் கேட்பதாகவே ஆகாது.

என் உலை உதாரணம் இந்த இடத்தில் நின்றுவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். உலை நின்றுவிட்டால் நஷ்டம் மின்சாரத்தோடு போகும். ஆகவே அங்கே சந்தேகம் வந்தால் நிறுத்திவிடலாம். சரீரத்துக்கு அப்படி ஒரு பத்திரமான நிலை இல்லை. சுரப்பி முழுவதையும் எடுத்துவிட்டால் ஆயுள் முழுவதும் மாத்திரை வேண்டும், குரல் நரம்புக்கும் ஆபத்து உண்டு. எடுக்காமல் விட்டால், ஒருவேளை புற்றுநோயாகவே இருந்தால் என்ன செய்வது? தைராய்டுப் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படும் வகை பெரும்பாலும் மெதுவாக வளர்வது என்பதால், யோசிக்க அவகாசம் இருந்தது. அந்த அவகாசம் எல்லா வியாதியிலும் கிடைக்காது.

இன்னொருவரிடம் காட்டுவதற்காக, ஊசியால் எடுத்த செல்கள் இருந்த ஸ்லைடுகளை ஆய்வகங்களிடம் திரும்பக் கேட்கத் தமக்கை மிகவும் தயங்கினாள். "டாக்டர் என்ன நினைச்சுப்பாரோ" என்ற அந்தக் கூச்சம் நம் ஜனங்களிடம் ஆழமாக ஊறியது; அதனால் எத்தனை பேர் சந்தேகத்தோடேயே அறுவைக்குப் போகிறார்களோ என்று எண்ணும்போது எனக்கு வேதனையாக இருக்கிறது. நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவேடுகளை 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை விதியே சொல்கிறது. ஸ்லைடைக் கேட்பதிலும் அவமரியாதை ஏதுமில்லை.

சென்னையில், இத்தகைய ஸ்லைடுகளைப் பார்த்துச் சொல்லும் வேலையை வெகுகாலம் செய்த ஒரு பெண் மருத்துவர், இரண்டு செட் ஸ்லைடுகளையும் தாமே பார்த்த பிறகே எழுதப்பட்ட முடிவுகளைக் கேட்டு வாங்கினார். "எனக்கும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை, அம்மா; மூன்று மாதம் கழித்து ஸ்கேனும் ஊசியும் மறுபடி பார்ப்போம், இன்னின்ன மாற்றம் தெரிந்தால் உடனே அறுவை" என்றார். மாதக்கணக்கில் தூக்கமில்லாதிருந்த தமக்கை அன்றிரவு தூங்கினாள். மறுபரிசோதனையில் கட்டி சாதாரணமானதென்றே தெரிந்தது. ஆண்டுதோறும் ஸ்கேன் மட்டும் தொடர்கிறது. இப்போது தெருவில் எவருக்காவது இப்படி ஒரு சங்கடம் நேர்ந்தால், "ஸ்லைடைக் கேட்டு வாங்கிக்கோ, பழைய ரிப்போர்ட்டைக் கடைசியில காட்டு" என்று அவளே போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள்.