விட்டவர் முன் நீட்டும் சிகரெட்

சிகரெட்டை விட்டவருக்கு வீட்டில் பெரிய சோதனை வருவதில்லை. நாலு பேர் கூடும் இடத்தில்தான் வருகிறது. சேலம், நாமக்கல் பக்கம் அப்படிப்பட்ட இடங்களுக்குப் பஞ்சமே இல்லை. சங்ககிரியில் லோடுக்குக் காத்து நிற்கும் லாரிகளின் ஓரம், நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறையின் வாசல், பள்ளிபாளையத்தில் தறிக்கூடத்துக்கு எதிரே உள்ள டீக்கடை, மாதக்கணக்கில் வெளிமாநிலத்தில் போர்வெல் போட்டுவிட்டுத் திருச்செங்கோட்டுக்கு ரிக் வண்டி திரும்பும் நாள், ஆடியில் கெடா வெட்டு, காதுகுத்து, இழவு வீட்டுப் பந்தல். எங்கேயும் காட்சி ஒன்றுதான். ஒருவர் பாக்கெட்டைத் திறந்து அடியில் ஒரு தட்டு தட்டுகிறார். ஒரு பில்டர் முனை மட்டும் மேலே எழும்பி நிற்கிறது. அப்படியே பக்கத்தில் இருப்பவர் பக்கம் கை நீள்கிறது.

“விட்டுட்டனுங்க.”

“அட, ஒண்ணுல என்ன மாப்ள ஆயிடப் போகுது?”

அந்தக் கேள்வியில் பகை இல்லை. பெரும்பாலும் பாசம்தான் இருக்கிறது. அதனாலேயே அதை எடைபோடுவது கடினம். விட்டவர் வாங்கிப் பற்றவைத்துவிட்டால் ஊர் சொல்லும் தீர்ப்பு ஒன்றுதான்: “அவனுக்கு உறுதி பத்தல.” நீட்டியவரைப் பற்றி யாரும் ஒரு சொல் சொல்வதில்லை. இந்தத் தீர்ப்பு பாதி மட்டுமே சரி. சொல்லாமல் விட்ட மறுபாதியில் நீட்டிய கைக்கும் பங்கு உண்டு.

இதற்கு எதிராகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுவது நியாயம். விட்டவர் வளர்ந்த மனிதர். யாரும் அவர் வாயில் திணிக்கவில்லை. நீட்டியதை வாங்காமல் இருக்க அவருக்கு முழு உரிமை உண்டு. அப்படியிருக்க, நீட்டியவரைக் குற்றம் சொல்வது விட்டவரைக் குழந்தையாக்குவது ஆகாதா? வலுவான வாதம்தான். ஆனால் அது ஒன்றை மறந்துவிடுகிறது. அந்த மனிதர் தன் உரிமையை ஏற்கெனவே பயன்படுத்திவிட்டார். யோசித்து, வேண்டாம் என்று முடிவெடுத்து, அதை வாய்விட்டுச் சொல்லியும்விட்டார். அதன் பிறகும் நீட்டுகிறவர் அந்த முடிவோடு பேசவில்லை. முடிவெடுத்தவருக்குள்ளேயே அதற்கு எதிராக முரண்டுபிடிக்கும் பழைய ஆசையோடு பேசுகிறார். ஒருவரின் சொல்லை மதிப்பது என்றால், அவருடைய பலவீனத்தை நம் பக்கம் இழுக்காமல் இருப்பதும் அதில் அடங்கும்.

அந்தப் பலவீனம் எங்கே இருக்கிறது என்பது ஓரளவு தெளிவாகவே தெரியும். ரத்தத்தில் உள்ள நிகோடின் சுமார் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. சில நாளில் உடம்பைவிட்டுப் போய்விடுகிறது. எரிச்சல், தூக்கமின்மை, கவனம் சிதறுவது ஆகியவை முதல் வாரத்தில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலானவர்களுக்கு 3, 4 வாரங்களில் அடங்கிவிடுகின்றன. அடங்காமல் நிற்பது வேறொன்று. கையில் சூடான டீ கிளாஸ், பெட்டிக்கடைக் கம்பத்தில் நுனியில் கனல் விட்டுத் தொங்கும் கயிறு, தீக்குச்சி உரசும் சத்தம், கூடப் பிடித்தவரின் சிரிப்பு: இவை மாதங்கள் கழித்தும் ஆசையைக் கிளப்பும். கிளம்பிய ஆசை சில நிமிடங்களே நிற்கும். எப்படியாவது தாண்டிவிட்டால் தணிந்துவிடும். அந்தச் சில நிமிடங்களில் அவர் தனியாக இருப்பதில்லை. சுற்றிலும் ஆள் இருக்கிறது. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதும் சேர்ந்துதான் முடிவைத் தீர்மானிக்கிறது.

இதற்கு இந்த ஊர்களிலேயே கண்கூடான சாட்சி இருக்கிறது. கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறவர்களில் நாளொன்றுக்கு ஒரு பாக்கெட் ஊதியவர்களும் உண்டு. மாலை போட்ட அன்றோடு நிறுத்திவிடுகிறார்கள். மண்டல விரதம் 41 நாள். உடம்பின் தவிப்பு அடங்கத் தேவையான காலத்தைவிட அது அதிகம். மலைக்குப் போய்த் திரும்பும்போது அவர்கள் உடலளவில் ஏறத்தாழ விடுபட்டவர்கள். ஆனாலும் மாலையைக் கழற்றிய அன்றே பற்றவைப்பவர்கள் ஏராளம். உடம்பு கேட்டதால் மட்டும் அது நடப்பதாகச் சொல்ல முடியாது. மாலை கழுத்தில் இருந்தவரை யாரும் அவரிடம் பாக்கெட்டை நீட்டவில்லை. மறந்துபோய் நீட்டியவர்கூட “சாமி, மன்னிச்சுக்குங்க” என்று கையை இழுத்துக்கொண்டார். மாலை இறங்கியதும் அந்தக் காவலும் சேர்ந்து இறங்கிவிட்டது. விரதம் இருந்தவரின் பக்தி உண்மை, உறுதியும் உண்மை. ஆனால் 41 நாளும் அவரைச் சுற்றி நின்று கூட்டாளிகள் காத்த விரதத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இன்னொரு வழக்கமும் உண்டு. டீக்கடையில் பீடி பிடித்துக்கொண்டிருப்பவர், தாய்மாமனோ பள்ளிக்கூட வாத்தியாரோ சைக்கிளில் வருவதைக் கண்டால், கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்விடுவார். நெருப்பு விரலைச் சுட்டாலும் வந்தவர் கடந்து போகும்வரை இழுக்கமாட்டார். ஐம்பது வயதுக்காரரும் இதைச் செய்வதுண்டு. அதாவது, இன்னொருவருக்காகத் தன் புகையை அடக்கிக்கொள்ளத் தெரியாத சமூகம் அல்ல இது. சாமிக்கும் வயதுக்கும் கொடுக்கும் அந்த மரியாதையை, “விட்டுட்டனுங்க” என்று ஒரு சாதாரண மனிதர் சொல்லும் வார்த்தைக்கும் கொடுக்க வேண்டும் என்பதுதான் கோரிக்கை. கழுத்தில் மாலை இல்லை என்பதால் அவர் எடுத்த முடிவின் எடை குறைந்துவிடாது. சொல்லப்போனால் அவர் விரதத்துக்கு முடிவு நாளே இல்லை. அவருக்குத் துணை இன்னும் அதிகமாகத் தேவை.

நீட்டுவதெல்லாம் ஒரே தவறு அல்ல. விட்டது தெரியாமல் நீட்டுவது தவறே இல்லை, அது உபசாரம். தெரிந்தும் பழக்கதோஷத்தில் கை நீள்வது சின்னப் பிழை. “அட, மறந்துட்டேன்” என்ற ஒரு சொல்லில் தீர்ந்துவிடும். மறுத்த பிறகும் வற்புறுத்துவது அநியாயம். “எத்தனை நாளைக்குன்னு பாத்தர்லாம்” என்று நாலு பேர் முன்னால் பந்தயம் கட்டுவது அதைவிட மோசம். மச்சான் மாப்பிள்ளை உறவில் கேலிக்கு உரிமை உண்டு. அந்த உரிமை அழகானதும்கூட. ஆனால் ஒருவர் தன் உயிரைக் காத்துக்கொள்ள எடுத்த முடிவை உடைத்துப் பார்ப்பது கேலியில் சேராது. புகை பிடித்துக்கொண்டே இருப்பவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரைக் கடைசியில் அதுவே கொன்றுவிடுகிறது. பந்தயத்தில் வைக்கப்படுவது அந்த உயிர்தான்.

எல்லாவற்றிலும் கனமானது முதலாளி நீட்டும் சிகரெட். லாரி ஓனர் டிரைவரிடமும், ரிக் முதலாளி மேஸ்திரியிடமும், தறி ஓனர் ஆளிடமும் நீட்டும்போது அது வெறும் சிகரெட் அல்ல. “நீ நம்ம ஆளு” என்ற அங்கீகாரம் அதோடு சேர்ந்து வருகிறது. அடுத்த லோடு யாருக்கு, அட்வான்ஸ் எவ்வளவு என்பதை முடிவு செய்யும் கை அது. அந்தக் கையிடம் வேண்டாம் என்று சொல்வது, சமமான நண்பனிடம் சொல்வதைப் போல அல்ல. ராத்திரி முழுக்க ஸ்டியரிங் பிடிப்பவருக்குத் தூக்கத்தை விரட்ட ஒரு பீடிதான் துணை என்ற நினைப்பும் ஏற்கெனவே பாரமாக இருக்கிறது. அதற்குத் தக்க மருந்து ஓய்வு. அந்த ஓய்வைக் கொடுக்கவும் மறுக்கவும் முடிந்தவர் ஓனர்தான். அதிகாரம் உள்ளவருக்கு இதில் பொறுப்பும் அதிகம். “விட்டுட்டியா? நல்லது, டீ சாப்பிடு” என்று அவர் ஒரு தடவை எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டால், பட்டறையில் வேறு யாரும் அந்த ஆளைச் சீண்டமாட்டார்கள்.

மனிதனிடம் உறுதியை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தால் போதாது, அவன் நிற்கும் இடத்தையும் மாற்ற வேண்டும் என்ற எண்ணம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் புதுப்பாளையத்தில் 1925-ல் காந்தி ஆசிரமத்தைத் தொடங்கிய ராஜாஜி, குடியை விடச் சொல்லிச் சுற்றுக் கிராமங்களில் பிரசாரம் செய்தார். அதற்காகவே ‘விமோசனம்’ என்ற பத்திரிகையை நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். பிறகு சென்னை மாகாணத்தின் பிரதமரானதும், 1937 அக்டோபர் 1-ல் முதன்முதலில் மதுவிலக்கைக் கொண்டுவந்தது இன்றைய நாமக்கல்லையும் உள்ளடக்கிய அன்றைய சேலம் மாவட்டத்தில்தான். உபதேசத்தோடு நிற்காமல் கடையையே மூடினார். சிகரெட்டுக்கு அதே வழி பொருந்துமா என்பது தனிக் கேள்வி. இங்கே அதற்குள் போக வேண்டியதில்லை. 2008 அக்டோபர் 2 முதல் நாடு முழுவதும் பொது இடத்தில் புகைக்கத் தடை இருக்கிறது. 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. பஸ்ஸுக்குள்ளும் சினிமா கொட்டகையிலும் அது நன்றாகவே வேலை செய்திருக்கிறது. பந்தலுக்குள் கை மாறும் சிகரெட்டை மட்டும் எந்தச் சட்டத்தாலும் தடுக்க முடியாது. அங்கே விற்பவர் யாரும் இல்லை; கொடுப்பவர் பங்காளியோ மாமன் மகனோ.

அப்படிக் கொடுபடும் சிகரெட் பல நேரம் உதிரியாகவும் வருகிறது. 2016 முதல் பாக்கெட்டின் இரு பக்கத்திலும் 85 சதவீத இடத்தை எச்சரிக்கைப் படம் பிடித்துக்கொண்டிருக்கிறது. உதிரியாக நீட்டும்போது அந்தப் படம் கண்ணில் படுவதே இல்லை. பட வேண்டியவர் கண்ணில் படம் படாமல், சிகரெட் அன்பின் முகத்தோடு மட்டும் வந்து சேர்கிறது.

“எல்லாரும் பிடிக்கறாங்க, நீ மட்டும் என்ன?” என்பதும் உண்மையல்ல. 2016-17-ல் எடுத்த உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயதுவந்த ஆண்களில் புகைப்பவர்கள் 19 சதவீதம். ஐந்து பேரில் நாலு பேர் புகைப்பதில்லை. பந்தலில் ஒரு மூலையில் கூடி நிற்பவர்களே மொத்தப் பந்தலும் என்று தோன்றுவது, விட்டவர் போய் நிற்கும் இடம் அந்த மூலையாக இருப்பதால்தான். பந்தலுக்குள் நாற்காலி போட்டு வெறுமனே உட்கார்ந்திருக்கும் அந்த நாலு பேர் “இங்க வந்து உக்காருங்க” என்று ஒரு தடவை கூப்பிட்டால் போதும். அவர்களும் இதில் வேடிக்கை பார்ப்பவர்களாகவே இருந்துவிடுகிறார்கள்.

விட்டவருக்கும் கடமைகள் உண்டு. முதலாவது, உள்ளதைச் சொல்வது. “வயித்துல புண்ணு”, “டாக்டர் ஒரு வாரத்துக்கு வேண்டாம்னுட்டாரு” என்று சாக்குச் சொல்வது அந்த நேரத்துக்கு உதவும். யாரையும் புண்படுத்தாத பொய் என்று மன்னித்தும் விடலாம். ஆனால் வயிறு சரியானதும் பாக்கெட் திரும்ப வரும். “விட்டுட்டேன், இனிமே வேண்டாமுங்க” என்று ஒரு தடவை சொன்னால், மதிக்க வேண்டிய கடமை கேட்டவர் பக்கம் போய்விடும். இரண்டாவது, இன்னும் பிடிப்பவரை இளக்காரமாகப் பார்க்காமல் இருப்பது. நேற்றுவரை தானும் அங்கே நின்றவர் இன்று மூக்கைப் பொத்திக்கொண்டு உபதேசம் செய்தால், அவர் விட்டது அவர்களை அவமதிக்கத்தான் என்று அவர்களுக்குத் தோன்றும்.

போகாமலே இருந்துவிடலாமா என்பது கஷ்டமான கேள்வி. கெடா விருந்துக்கு முதல் ஒரு மாதம் போகாமல் இருப்பதில் பாவம் ஒன்றும் இல்லை. மது ஓடும் இடத்துக்கு அதற்குப் பிறகும் போக வேண்டியதில்லை. குடித்த நிலையில் எந்த உறுதியும் தளரும் என்பது அனுபவப்பட்ட எல்லாருக்கும் தெரியும். கோபித்துக்கொள்கிறவர் கோபித்துக்கொள்ளட்டும். ஆனால் இழவுக்குப் போகாமல் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. சாவு வீட்டுப் பந்தலில்தான் துக்கமும், கண்விழிப்பும், செய்ய ஒன்றுமில்லாத நீண்ட ராத்திரியும் சேர்ந்து வருகின்றன. சில ஊர்களில் வெற்றிலைத் தட்டோடு பீடிக்கட்டும் சிகரெட்டும் சுற்றுக்கு வரும். தட்டை அனுப்பும் வீட்டுக்காரர் துக்கத்தில் இருப்பவர். அவரிடம் எதையும் கேட்க முடியாது. அங்கே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் தட்டைத் தன் கையில் வாங்கி, விட்டவரைத் தாண்டி அடுத்தவருக்குக் கொடுத்துவிட வேண்டும். சிகரெட்டுக்குப் பதில் குட்காவையோ பாக்கையோ நல்லெண்ணத்தில் நீட்டுவதும் உதவி அல்ல. குட்காவைத் தமிழ்நாடு 2013-லேயே தடை செய்தது. பாக்கு தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004-லேயே வெளியிட்டிருக்கிறது. ஏலக்காயோ கடலை மிட்டாயோ போதும்.

அப்படியானால் நண்பரும் சிகரெட்டை விட்டுவிட வேண்டுமா? அப்படிக் கேட்க யாருக்கும் உரிமை இல்லை. சற்றுத் தள்ளிப் போய்ப் பிடிக்கச் சொல்லிக் கேட்கலாம். இதில் எதிர்பாராத நன்மையும் உண்டு. அமெரிக்காவின் பிரேமிங்காம் நகரத்தவர்களையும் அவர்களைச் சார்ந்தவர்களையுமாக 12,067 பேரை 1971 முதல் 2003 வரை கவனித்த தரவுகளைக் கொண்டு, கிறிஸ்டாகிஸ், பவுலர் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் எழுதினார்கள். நண்பர் ஒருவர் விட்டால் மற்றவர் புகைக்கும் வாய்ப்பு 36 சதவீதமும், கணவன் மனைவியில் ஒருவர் விட்டால் 67 சதவீதமும் குறைந்திருந்தது. கூட்டம் கூட்டமாகவே மனிதர்கள் விட்டிருக்கிறார்கள். இன்று விட்டவரைக் காக்கும் நண்பர், நாளைக்குத் தானும் விடுவதற்கான வழியைத்தான் திறந்து வைக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு ஒருவர் ஒன்றை வாங்கிப் பிடித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அது நடக்கும், பலருக்கும் நடக்கிறது. மறுநாள் அவர் மனத்தில் ஓடுவது “அவ்வளவுதான், போச்சு” என்பது. சறுக்கலைவிட இந்த எண்ணம்தான் அதிகம் பேரை முழுப் பாக்கெட்டுக்குத் திரும்ப அனுப்புகிறது என்று, ஆலன் மார்லட் என்ற உளவியலாளர் 1980-களிலேயே விளக்கியிருக்கிறார். அந்த மறுநாளில் “நான்தான் அப்பவே சொன்னேனே” என்று சிரிப்பதைவிடக் கொடுமையானது வேறில்லை. பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற இலவச உதவி எண்ணை அழைத்தால் ஆலோசனை சொல்ல ஆள் இருக்கிறார்கள். ஆனால் அதற்கு முன்னால், நேற்றுப் பந்தலில் அந்த ஒன்றை நீட்டியவர் போக வேண்டும். காலையில் முதல் ஆளாகப் போய், “நான் குடுத்திருக்கக் கூடாது மாப்ள, இன்னிக்கே மறுபடியும் விட்டுடு” என்று சொல்ல வேண்டும். அதைச் சொல்லக் கடமைப்பட்டவர் அவர்தான்; வேறு யார் சொன்னாலும் அந்தக் கடன் அவர் பேரிலேயே நிற்கும்.