கட்டணமும் உரிமையும்

கட்டணம் செலுத்தியவர் அதற்கு ஈடான ஒன்றைக் கேட்கும் உரிமை பெறுகிறார். அங்காடிக்குப் பொருந்தும் இந்த நியாயம், காவிரியின் நடுவே ஒரு நாரையின் கூட்டருகிலும் பொருந்துமா?

மைசூர் செல்வோர் பலர் ஸ்ரீரங்கப்பட்டணத்தை அடுத்துள்ள ரங்கனதிட்டுப் பறவைகள் சரணாலயத்தையும் கண்டு திரும்புகின்றனர். ஆற்றுத் திட்டுகளினூடே படகில் அழைத்துச் செல்வார்கள். துடுப்பு வலிப்பவரே வழிகாட்டியுமாவார். 17ஆம் நூற்றாண்டில் ஆற்றின் குறுக்கே எழுப்பிய அணையொன்றால் தோன்றிய திட்டுகள் இவை. பறவைகளை எண்ணி எவரும் அவ்வணையைக் கட்டவில்லை. ஆயினும் அவை வந்து குடியேறின. பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் முயற்சியால் 1940இல் இவ்விடம் சரணாலயமாயிற்று. 2022இல், ஈரநிலங்களைக் காக்கும் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலிலும் இடம்பெற்றது. (காவிரி என்றதும் டி.எம்.சி. கணக்கை மட்டுமே நினைக்கப் பழகிவிட்ட நமக்கு, அந்நீரில் பங்கு கேளாத குடிகளும் உண்டு என்பது சற்றுப் புதிய செய்தியே.)

படகேறியோர் முதலில் தேடுவது முதலையை. பாறைமேல் அது வாய் பிளந்து கிடப்பதைக் கண்டு, நம்மை அச்சுறுத்துகிறது என்று கூவுவார்கள். அதுவோ தன் உடல்வெப்பத்தைச் சீர்செய்துகொண்டிருக்கிறது, நம்மைப் பொருட்படுத்தவேயில்லை. அடுத்துக் கூடுகள். மஞ்சள்மூக்கு நாரை உச்சிவெயிலில் சிறகை விரித்து, இறகு முளைக்காத தன் குஞ்சுகளுக்கு நிழல் பிடித்து நிற்கும். அப்போதுதான் ஒரு குரல் எழும்: "இன்னும் கொஞ்சம் கிட்டே போங்க, அண்ணே!" படகு மிக நெருங்கினால் தாய் எழுந்து பறந்துவிடும். குஞ்சுகள் வெயிலில் கிடக்கும். காகத்திற்கும் பருந்துக்கும் அதுவே வேளை. படகோட்டி இதை அறிவார். அவர் தயங்கும்போது ஒரு நோட்டு நீட்டப்படுகிறது.

நம் கேள்வி இந்த நோட்டைப் பற்றியது. நுழைவுக் கட்டணத்தை நாம் குறை கூறவில்லை. கண்ணால் காணாத ஒன்றைக் காக்க மனிதர் முன்வருவது அரிது. காண்பதற்கு ஒரு வழி வேண்டியதே. ஆனால் அக்கட்டணம் பெற்றுத் தருவது படகில் ஓர் இருக்கையை மட்டுமே. நீட்டிய நோட்டோ நாரையையும் விலைக்கு வாங்கவில்லை. உழைத்துப் பிழைக்கும் ஒருவரின் மனச்சான்றை வாங்குகிறது. பிள்ளைகளின் பசியை எண்ணி அவர் இணங்கிவிட்டால், 'துடுப்பு அவர் கையில்தானே இருந்தது' என்று நாம் விலகிக்கொள்ள இயலாது. பிறரைத் தவறுக்குத் தூண்டுவதைத் திருச்சபையின் அறநெறி தனிக் குற்றமாகவே எண்ணுகிறது.

யோபுவின் துயரத்திற்கு இறைவன் அளித்த மறுமொழி விந்தையானது. அவர் காட்டிய விலங்குகளுள் பெரும்பாலானவற்றால் யோபுவுக்கு ஒரு பயனுமில்லை: காட்டுக்கழுதை, மலையாடு, தீக்கோழி, இறுதியில் லிவியத்தான். அதனை முதலையாகவே கொள்ளும் விளக்கவுரையாளர் உண்டு. அவற்றை நெருங்கிப் பார்க்க வேண்டுமென்று யோபு கேட்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தார், பிறகு வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிற உயிர்களுக்கும் கடவுள் திருமுன் தமக்கெனத் தனி மதிப்புண்டு என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் தம் சுற்றுமடலில் எழுதியது, இப்பழைய பாடத்தின் தொடர்ச்சியே.

கிருஷ்ணராஜ சாகர் நிரம்பி மிகுதிநீர் திறக்கப்படும் நாள்களில் ரங்கனதிட்டில் படகுகள் நிறுத்தப்படுகின்றன. துடுப்புகள் கரையேறிக் கிடக்க, செந்நீர் திட்டுகளைச் சூழ்ந்து ஓடும். வெயில் தலைகாட்டினால், எஞ்சிய கரையில் முதலை வாய் பிளந்து கிடக்கும். கண்டு கூவுவதற்குத்தான் எவரும் இருப்பதில்லை.