வழிக்கு என்ன விலை?

"முன்னால் இருப்பது என் நிலம். பின்னால் இருப்பது உன் நிலம். இடையிலே உனக்கு ஏது உரிமை?"

இப்படிக் கேட்பவன் கொடியவன் அல்லன். பட்டா அவன் பெயரில் இருக்கிறது. வரி அவன் கட்டுகிறான். வேலி அவன் போட்டது. எதிரே நிற்பவனும் இரவலன் அல்லன். அவனிடமும் பட்டா உண்டு, வரி கட்டிய ரசீதும் உண்டு. இல்லாதது ஒன்றே ஒன்று. சாலைக்குச் சென்றிட ஒரு வழி. வானத்திலிருந்து இறங்கினாலன்றித் தன் மண்ணில் தானே கால் வைக்க முடியாத உடைமையாளன்! இவ்விருவருக்கும் நடுவே கிடக்கும் 20 அடி அகலத்திலேதான், உடைமை என்றால் யாது என்ற பழங்கேள்வி படுத்துக் கிடக்கிறது.

தகப்பனார் விட்டுச் சென்ற ஓர் ஏக்கரை அண்ணனும் தம்பியும் பங்கிட்டுக்கொள்கின்றனர். சாலையோரம் 40 சென்ட் அண்ணனுக்கு. பின்புறம் 60 சென்ட் தம்பிக்கு. "முன்னது விலையில் மிகுதி, பின்னது அளவில் மிகுதி, கணக்கு நேராயிற்று" என்று ஊர்ப் பெரியவர் தீர்ப்புச் சொல்கிறார். பாகப்பிரிவினைப் பத்திரத்தில் 'மாமூல் வண்டிப்பாதை பாத்தியம்' என்று ஒரு வரி எழுதப்பட்டால் எழுதப்பட்டது. பத்திரம் எழுதுபவர் மறந்தால் மறந்ததுதான். உழவு நடக்கும்வரை அதைப்பற்றி எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. வரப்பு போதும், கதிர்க்கட்டு தலைமேல் போய்விடும். பிறகு ஊர் வளர்கிறது. பள்ளி வருகிறது, பேருந்து வருகிறது. தம்பியின் மக்கள் அந்த 60 சென்ட்டை மனைகளாகப் பிரித்து, ஒன்றில் வீடு கட்டி, மற்றவற்றை விற்றுக் கடனைத் தீர்த்திட எண்ணுகின்றனர். பிழைக்க வழி தேடிப் புறப்பட்டவர்கள், வழிக்கே வழியில்லை என்று அறிந்து திகைத்து நிற்பது அப்போதுதான்.

முன்பெல்லாம் வெறுந்தாளில் கோடு கிழித்து மனை விற்றவர்கள் இருந்தனர். 2016 செப்டம்பரில், அங்கீகாரம் பெறாத மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. மறு ஆண்டு வரன்முறை விதிகள் வந்தன. மனை பிரிக்க ஒப்புதல் வேண்டும்; ஒப்புதல் பெறச் சாலை வேண்டும் என்பது இன்று உறுதியாகிவிட்டது. நல்ல ஏற்பாடு. தீயணைப்பு வண்டி நுழைய முடியாத சந்துகளை இனியும் பெற்றெடுக்க வேண்டுமா? ஆயினும் அந்த நல்ல ஏற்பாடே, முன்நிலத்தான் கையிலே ஒரு பூட்டையும் கொடுத்துவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? 1882ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒருவருக்கோ ஒரு குடும்பத்துக்கோ உரியதாயிருந்த நிலம், விற்பனையாலோ பாகத்தாலோ இரண்டாகும்போது, வழியின்றித் துய்க்க முடியாத பகுதிக்கு மற்றப் பகுதியின்மேல் வழியுரிமை உண்டென்கிறது 13ஆம் பிரிவு. மகிழ்ச்சி! ஆனால் 28ஆம் பிரிவு, பிரிந்த அன்று எவ்வளவு தேவையோ அவ்வளவே உரிமை என்று அளவுகோலை நீட்டுகிறது. அன்று தேவை வண்டிப்பாதை. இன்று பத்துக் குடும்பங்கள் வாழ்வதற்கான சாலை கேட்டால், 'அது அன்றைய தேவையன்றே' என்று எதிர்வாதம் எழுகிறது. மகன் வளர்ந்தான், பேரன் வளர்ந்தான், தேவைமட்டும் வளரக்கூடாதாம்! இரு நிலங்களும் என்றுமே ஒருவர் கையில் இருந்ததில்லை என்றாலோ, அந்தச் சிறு உரிமையும் இல்லை.

அதைவிட என்னைச் சிந்திக்க வைத்தது 15ஆம் பிரிவு. 20 ஆண்டு தடையின்றி, வெளிப்படையாக, உரிமை என்றே கொண்டு ஒரு வழியில் நடந்தவனுக்கு அது உரிமையாகிவிடுகிறது. "ஐயா, உங்கள் நிலத்தின் வழியே போய்வரலாமா?" என்று பணிவுடன் கேட்டு, இசைவு பெற்று நடந்தவனுக்கோ ஐம்பது ஆண்டு சென்றாலும் உரிமை இல்லை, அவன் நடந்தது பிறர் தயவிலே! ஆகவே, கேளாமல் நடந்தவன் வென்றான். கேட்டு நடந்தவன் தோற்றான். கொடுத்தவன் நிலையும் இதுபோன்றதே. பக்கத்து நிலத்தான் நடப்பதைக் கண்டும் நட்பின் காரணமாக வாய் திறவாதிருந்தவன், ஒரு நாள் தன் மண்ணிலே பிறன் உரிமை முளைத்திருக்கக் காண்கிறான். ஆதலால்தான் அறிந்தவர்கள் முதலிலேயே முள் அடித்துவிடுகிறார்கள். பண்புக்குத் தண்டனையும் முரட்டுத்தனத்துக்குப் பரிசும் வழங்கிட எந்தச் சட்டமும் எண்ணியிராது. எனினும் ஊர்ப்புறத்திலே நடப்பது அதுவே.

இனி, விலைக்கு வருவோம். கணக்குக்காக ஒன்று சொல்வேன். பின்நிலம் வழியில்லாமல் சென்ட் 1 லட்சம். வழி வந்தால் 3 லட்சம் என்று கொள்க. 60 சென்ட்டுக்கு ஏற்றம் 1 கோடியே 20 லட்சம். சாலைக்கு வேண்டுவது 20 அடி அகலம், 100 அடி நீளம்; அதாவது 4½ சென்ட்டுக்குச் சற்று மேல். சாலையோர விலையிலேயே கணக்கிட்டாலும் 14 லட்சத்துக்குள் அடங்கும். ஆனால் முன்நிலத்தான் கேட்பது 14 லட்சமா? அவன் தன் மண்ணைப் பார்த்து விலை சொல்வதில்லை. எதிரே நிற்பவனின் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறான்.

இங்கிலாந்திலே இதனை ஒரு முறையாகவே ஆக்கிவிட்டனர். 1961இல் கேம்பிரிட்ஜ் நகராட்சி தொடர்பான வழக்கொன்றில், வழியற்ற நிலத்தை மதிப்பிட்ட தீர்ப்பாயம், வழி கிடைப்பதால் வரும் விலையேற்றத்திலே மூன்றில் ஒரு பங்கு வழி வைத்திருப்பவருக்குப் போகும் என்று கணக்கிட்டது. நம் கணக்கின்படி 40 லட்சம்! இத்தகைய துண்டு நிலத்துக்கு அந்நாட்டார் வைத்திருக்கும் பெயரையும் கேளுங்கள்: மீட்புப்பணத் துண்டு. ஆளைக் கடத்திச் சென்றவன் கேட்பானே, அந்த மீட்புப்பணம். பெயரிலாவது நேர்மை இருக்கிறது.

பிரெஞ்சுக்காரர் வேறு கேள்வி கேட்டனர். 1804இல் வந்த அவர்களுடைய உரிமையியல் சட்டத்தொகுப்பின் 682ஆம் பிரிவு, நாற்புறமும் அடைபட்ட நிலத்தானுக்கு அயலான் நிலத்தின்மேல் வழி கேட்கும் உரிமையை அளிக்கிறது. அயலானுக்கு எவ்வளவு தீங்கு நேர்கிறதோ, அவ்வளவு ஈடு தரவேண்டும்; கேட்பவனுக்கு எவ்வளவு இலாபம் என்ற பேச்சே இல்லை. வீடு கட்டவும் மனை பிரிக்கவும் வேண்டும் வழியும் இதில் அடங்கும் என்பதை 1967இல் சட்டத்திலேயே எழுதிச் சேர்த்துவிட்டனர். தேவை வளரும் என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டனர்.

கொடுப்பவன் இழப்பதைக் கொண்டு அளப்பதா, கேட்பவன் ஏங்குவதைக் கொண்டு அளப்பதா? இவ்விரண்டுக்கும் இடையே உள்ளது வெறும் ரூபாய்க் கணக்கன்று. முதலாவது, இருவர் அயலார் என்று கொள்கிறது. இரண்டாவது, ஒருவனை மற்றவனின் பிணையாளாக்குகிறது. 1851இல் ஹெர்பர்ட் ஸ்பென்சர் எழுதினார்: நிலம் முழுதும் தனியார் உடைமையாகிவிட்டால், நிலமற்றவன் பிறர் பொறுத்துக்கொள்வதால்தான் இப்பூமியில் நிற்கவே முடியும் என்று. (முதுமையில் அவர் இக்கருத்திலிருந்து நழுவினார், ஹென்றி ஜார்ஜ் அதற்காகவே ஒரு நூல் எழுதி அவரைக் கேள்வி கேட்டார்.) ஸ்பென்சர் நிலமற்றவனைப்பற்றிப் பேசினார். நாம் காண்பதோ, நிலமிருந்தும் பிறர் பொறுத்துக்கொண்டாலன்றி நிற்க முடியாதவனை!

வழியைச் சொத்தாகக் காண்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதைத் தமிழர்க்குச் சொல்லவும் வேண்டுமா? 1924இல் வைக்கத்திலே, கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமை கேட்டுப் போராட்டம் எழுந்தது. பெரியார் அங்கே இருமுறை சிறைப்பட்டார். தெருக்கள் கோயிலுக்குச் சொந்தம் என்பது எதிர்த்தோர் வாதங்களில் ஒன்று. இன்று பொதுச் சாலையில் சாதியைச் சொல்லித் தடுத்திட அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு இடந்தராது. பட்டா நிலத்தைச் சொல்லித் தடுக்கலாம்! 2019 ஆகஸ்டில், வாணியம்பாடிக்கு அருகே, நிலத்தார் வழி மறித்ததால், தாழ்த்தப்பட்ட சமூகத்தார் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கி எடுத்துச் சென்றதை நாடே பார்த்தது. அங்கே மறித்தது வேலி. வேலியைப் பேசவைத்தது சாதி.

"முன்னால் இருப்பவர் எட்டு சென்ட்டில் குடிசை போட்ட விதவைத் தாயாகவும், பின்னால் இருப்பவர் பத்து ஏக்கர் வாங்கிப்போட்ட மனை வணிகராகவும் இருந்தால் என்ன சொல்வீர்?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. இதற்கு நான் சற்றுத் தயங்கியதுண்டு. இழப்பைக் கொண்டு அளப்பது என்றால் இழப்பு முழுவதையும் அளக்கவேண்டும் என்பதே என் விடை. குடிசை போகும், கிணறு போகும், தென்னை போகும், லாரி ஓசையில் உறக்கம் போகும். அத்தனையும் கணக்கில் வரட்டும். பிரெஞ்சுச் சட்டமும் மிகக் குறைந்த தீங்கு நேரும் இடமாகப் பார்த்தே வழி எடுக்கச் சொல்கிறது. ஒருவர் குடியிருப்பைப் பிளந்து மற்றவர்க்கு மனை வணிகம் செய்துதர நான் வாதாடவில்லை. வணிகரின் விலையேற்றமோ, வழி மறித்தவருக்குப் போவதற்கு என்ன நியாயம்? அதை உண்டாக்கியது பள்ளியும் பேருந்தும் குடிநீரும். அதில் பங்கு கேட்க ஊராட்சிக்குத்தான் உரிமை.

நிலமும் நிலத்தின்மீதான உரிமைகளும் அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில், 18ஆம் இனமாக இருக்கின்றன. 1882இல் வெள்ளையர் எழுதிவைத்த வரிகளைத் திருத்திட நம் சட்டமன்றம் முயலலாம். மூன்று வரி போதும். அடைபட்ட நிலத்துக்கு, அது எவர் கையிலிருந்து பிரிந்திருந்தாலும், வழியுண்டு. குடியிருக்கும் தேவைக்கேற்ப அதன் அகலம் இருக்கும். ஈடு, கொடுப்பவரின் இழப்புக்கு ஏற்ப. எந்த ஓரமாக வழி விடுவது என்பதை முன்நிலத்தவரே முதலில் சொல்லட்டும்.