கூலிக்கு விடமுடியாத பொறுப்பு

போர் நாடுகளின் எல்லைகளை மட்டுமன்று, மக்களின் மனச்சாட்சியையும் மாற்றிவிடுகிறது. இதற்கு அமெரிக்க வரலாறே சான்று.

வியத்நாம் போர்க்காலத்தில் அங்கே கட்டாயப் படைச்சேர்ப்பு இருந்தது. 1969 டிசம்பரில் பிறந்த தேதிகளைக் குலுக்கியெடுத்து, இளைஞர்களை அழைக்கும் வரிசையை வகுத்தனர். வசதியுள்ளோர் பலர் தப்ப வழி கண்டனர். ஆயினும் அச்சம் இலட்சக்கணக்கான இல்லங்களில் நுழைந்தது, "இப்போர் எதற்காக?" என்னும் கேள்வி வீதிக்கு வந்தது. 1967இல் குத்துச்சண்டை வீரர் முஹம்மது அலி, மார்க்க நம்பிக்கையைக் காரணம் காட்டிப் படையில் சேர மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, ஐந்தாண்டுச் சிறைத்தண்டனையும் விதிக்கப்பட்டது. 1971இல் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது.

1973இல் கட்டாயச் சேர்ப்பு நின்றது. விரும்பி வருவோர் ஊதியம் பெற்றுப் போரிடும் படை அமைந்தது. பின்னர், 2001இல் தொடங்கிய ஆப்கானியப் போர் இருபது ஆண்டுகள் நீண்டு, 2021இல்தான் முடிந்தது. பெரும்பாலான அமெரிக்க இல்லங்களுக்கு அது தொலைவிலிருந்து வந்த செய்தியாகவே இருந்தது.

ஒருவரைப் பலவந்தமாகப் போர்க்களத்துக்கு அனுப்புவதை நாம் நியாயமென்று கூறவில்லை. ஆனால், தன் பிள்ளை போகவில்லை என்பதால் ஒருவரின் பொறுப்பு தீர்ந்துவிடுமா? போருக்கான வரி அவருடையது. ஆட்சியை அமர்த்திய வாக்கும் அவருடையது.

எந்நாட்டுக் குடிமக்களாயினும் நாம் சிந்திக்க வேண்டியது இதுவே: கூலி கொடுத்து வேலையை ஒப்படைக்கலாம், மறுமையின் கேள்வி கணக்கை எவரிடமும் ஒப்படைக்க இயலாது.