மறுத்தலும் அருளாமோ?

பசித்த உயிர்க்கு உணவளித்தல் அறங்களுட் சிறந்ததென்பது யாவர்க்கும் ஒப்ப முடிந்தது. ஆயின், விரும்பிய உணவை வேண்டி நிற்கும் உயிர்க்கு அதனை மறுத்தல் அருளாமோ, கொடுமையாமோ என்பது ஈண்டு ஆராயற்பாலது. நெடுநாட் சிறுநீரகப் பிணியுற்ற நாயை வளர்ப்போர் நாடோறும் இவ்வினாவை எதிர்ப்படுகின்றனர்.

முதற்கண் அப்பிணியின் இயல்பை அறிதல் வேண்டும். உண்ட புரதம் உடலிற் சிதைதலாற் பிறக்கும் கழிவைக் குருதியினின்றும் பிரித்து நீரோடு புறந்தள்ளுதல் சிறுநீரகத்தின் தொழில். இப்பிணியில் அவ்வுறுப்பின் நுண்ணிய வடிகுழல்கள் சிறிது சிறிதாக அழிகின்றன, அழிந்தவை மீள்வதில்லை. மிகுதியாக நீர் பருகல், உடல் மெலிதல் முதலிய குறிகள் தோன்றுங்கால், அதன் ஆற்றலிற் பெரும்பகுதி முன்னரே கழிந்திருக்கும். கழிவு குருதியில் தேங்கவே குமட்டலும் உணவில் வெறுப்பும் உண்டாகும். ஊனினும் எலும்பினும் மிக்குள்ள பாஸ்பரஸ் என்னும் பொருளும் வெளியேறாது தங்கி, எஞ்சிய பகுதியையும் நலிவிக்கும். ஆகலின் நாய் பெரிதும் விழையும் உணவே அதற்குப் பகையாகின்றது.

1939-ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டு மாரிஸ் பிராங்க் என்னும் விழியிலார், தமக்கு வழிகாட்டிய ‘பட்டி’ என்னும் நாய் இப்பிணியால் நலிய, நியூ ஜெர்சியிலிருந்த மார்க் மாரிஸ் என்னும் கால்நடை மருத்துவரை நாடினார். அவர் புரதத்தைக் குறைத்து உணவொன்று சமைத்தளித்தார். 1948-இல் கன்ஸாஸ் மாகாணத்து டொப்பீகா நகரின் ஹில் பாக்கிங் கம்பெனியார் அவ்வகை உணவைப் பெருவாரியாக ஆக்கத் தொடங்கினர். 2002-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆராய்ச்சியொன்றில், இப்பிணியுற்ற 38 நாய்களை இரு கூறாக்கி, ஒரு கூற்றிற்கு இவ்வகை உணவும், மற்றதற்கு வழக்கமான உணவும் 24 திங்கள் வரை அளித்து நோக்கினர். முன்னையவற்றிற்குக் கழிவு மிக்கு வீழும் இடர் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்தது. எனவே மறுத்தலாற் பயனுண்டென்பது தெளிவு.

அற்றேல், “நோயுற்ற மனிதன் காரணமறிந்து தானே நாவை அடக்குகின்றான், காரணமறியாத வாயில்லாப் பிராணியை அடக்குதல் முறையோ?” எனின், கூறுதும். அவ்வறியாமையே காப்போன் கடமையை மிகுவிக்கின்றது. குழவி வெறுத்தழுதல் கண்டு தாய் மருந்தை எறிந்துவிடுவாளல்லள். அருளினை அறக்கருணை, மறக்கருணை என இருவகைப்படுத்துவர் சித்தாந்த நூலோர். இனிமை தோன்ற அளித்தல் முன்னது. உறுதி கருதி ஒறுத்தல் பின்னது. இரக்கும் கண்ணைக் கண்டாற்றாது ஊன்துண்டொன்றை எறிவோன் தணித்துக்கொள்வது தன் நெஞ்சின் வருத்தத்தையே. நாயின் வருத்தம் மறுநாள் மிகும்.

இனி, மறக்கருணைக்கும் எல்லையுண்டு. புரதத்தை அறவே ஒழித்தால் தசை உருகும். புதிய உணவைத் திடீரெனத் திணித்தலும், குமட்டும்பொழுது ஊட்டலும் அவ்வுணவின்மேல் நீங்கா வெறுப்பை விளைக்கும். பழைய உணவோடு நாளடைவிற் கலந்து, இளஞ்சூடாக, சிறுசிறு பங்காகப் பலகால் இடுதல் வேண்டும். தூநீர் எப்பொழுதும் எட்டும்படி இருத்தல் வேண்டும். அதனை ஒருகாலும் மறுத்தலாகாது. இத்துணையும் செய்தும் உண்ணாதாயின், மருத்துவரை உசாவி, அது உண்ணும் பிறிதொன்றை இடுதலே தக்கது. என்னை? கலத்திற் கிடக்கும் நல்லுணவு எவ்வுயிரையும் காவாது. பட்டினியோ பிணிக்குத் துணையாகும். பிணி முற்றி உய்தற்கு வழியில்லையென மருத்துவர் துணிந்தவிடத்து, விரும்பியதைச் சிறிதளித்து மகிழ்வித்தலும் அருளேயாம். ஆண்டு மறுத்தல் வெறும் பிடிவாதமாய் முடியும்.

ஆகவே, யாருடைய நலங்கருதிக் கை நீள்கின்றது, யாருடைய நலங்கருதி மடங்குகின்றது என்பதே அருளை அளக்குங் கோல். விழியிலாரை நடத்திச் செல்லும் நாய், முன்னே பள்ளங் கண்டவிடத்து, அவர் செல்லுமாறு ஏவினும் செல்லாது நின்று, அவரையும் நிறுத்தும். அதனைத் தடையென்று எவரும் வெறுப்பதில்லை. அந்நாய் பிணியுற்றகாலை, ஊன்கலத்தின் முன் அதனை அவர் நிறுத்துதலும் அத்தகையதே என்க.