கை கழுவினால் பழி நீங்குமா?

கடலில்லாத மாத்தளை மாவட்டத்திலும் மீனவர் உண்டு. தம்புள்ளையை அடுத்த கண்டலமக் குளத்தில் விடியற்காலையில் வள்ளமேறிச் செல்வோர், நீர்க்காகங்கள் மூழ்கி எழுவதையும், கொக்குகள் கரையோரம் காத்து நிற்பதையும், அவற்றினிடையே மனிதன் வலை இழுப்பதையும் ஒருங்கே காணலாம். பறவை மீனைக் கொன்றால் பாவமென்பார் இல்லை. மனிதன் கொன்றால் மட்டுமே கேள்வி எழுகிறது. மனச்சாட்சி அவனுக்கே உரியதன்றோ?

இக்கேள்வி ஒருமுறை நம் நாட்டின் அரச கொள்கையையே மாற்றிற்று. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்னும் சமய உணர்வை மதித்து, நன்னீர் மீன்பிடிக்கு அளித்த ஆதரவை 1990ஆம் ஆண்டு அரசாங்கம் விலக்கிக்கொண்டது. அவ்வுணர்வை நாம் எள்ளி நகையாடலாகாது. வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனமென்று இறைச்சியை விலக்கி மீனை வாங்கும் நாம், மீனும் ஓர் உயிரென்று எத்தனை முறை எண்ணியிருப்போம்?

ஆயினும் மீன்பிடி நின்றுவிடவில்லை. 1952இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா குளங்களில் தானே பெருகும். வெளிநாட்டுக் கெண்டை இனங்களுக்கோ குஞ்சு விட்டாக வேண்டும். அரசு விலகியபின் குஞ்சு விடுவதும் நின்றது, வலைக்கண்ணை அளந்து பார்ப்பாரும் இல்லாமற் போயினர். சிறுகண் வலைகள் பெருகின. வளராத மீன்களும் மாண்டன. உயிருக்கு இரங்கி எடுத்த முடிவு உயிரையும் காக்கவில்லை, ஏழையையும் காக்கவில்லை. 1994இல் அரசு மீண்டும் கைகொடுத்தது. 1999இல் இதற்கென ஓர் அதிகார சபையும் நிறுவப்பட்டது.

அப்படியாயின், தீமையென்று தோன்றுவதிலிருந்து விலகுவது தவறா? அன்று. இலஞ்சத்திலிருந்தும் வஞ்சகத்திலிருந்தும் விலகியே ஆகவேண்டும். ஆனால், ஏழையின் பிழைப்பாய் எப்படியும் தொடரப்போகும் ஒரு செயலை இரக்கமும் ஒழுங்கும் உள்ளதாக்க நம்மால் முடியுமாயின், ஒதுங்கி நிற்பது புண்ணியமாகாது. பிலாத்துவும் கை கழுவினான்; குற்றமற்றவர் சிலுவையிற் சாகாமலிருக்கவில்லை. இச்சோதனை அரசுகளுக்கு மட்டும் உரியதன்று. தான் குடிப்பதில்லையென்று பெருமை பேசிக்கொண்டு, குடிகாரனின் பட்டினிப் பிள்ளைகளை எட்டியும் பாராதவன் கழுவுவதும் அதே நீரில்தான்.

உயிர்த்த ஆண்டவர் திபேரியாக் கடற்கரையில் நெருப்பு மூட்டிச் சீடருக்காகக் காத்திருந்தார் என்றும், அவர்கள் பிடித்த மீனிலும் சில கேட்டார் என்றும் அருளப்பர் எழுதுகிறார். உழைப்பவனின் ஈரக் கையைத் தொட அவர் தயங்கவில்லை. நாமும் ஒன்று செய்யலாம்: சந்தையில் குஞ்சு மீனை மலிவென்று வாங்காதிருப்போம், ஒழுங்காய்ப் பிடித்தவனுக்கு உரிய விலையைப் பேரம் பேசாது கொடுப்போம்.